மூன்று மணி விழிப்பு: மனச்சோர்வு மாத்திரையா, ஹார்மோனா, தூக்கப் பயிற்சியா?

ராத்திரி மூன்று மணி. கண் தானாகத் திறந்துகொள்கிறது. யாரும் எழுப்பவில்லை, ஒரு சத்தமும் இல்லை. நெஞ்சு மட்டும் மாடிப்படி ஓடி ஏறியது போல அடித்துக்கொள்கிறது. தலையணையைத் திருப்பிப் போட்டால் அந்தப் பக்கம் குளுகுளுவென்று இருக்கும். ஐந்து நிமிடத்தில் அதுவும் சூடாகிவிடும். அப்புறம் நேற்று வேலையிடத்தில் வாய்தவறிச் சொன்ன ஒரு வார்த்தை, பிள்ளையின் பரீட்சை, பத்து வருடத்துக்கு முன் பட்ட ஓர் அவமானம் என்று ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்கும். அலாரம் அடிக்க அரைமணி இருக்கும்போது, அடித்துப் போட்டது மாதிரி தூக்கம் வரும்.

எனக்கு இது 46 வயதில் தொடங்கியது. மாதவிடாய் ஒரு முறை 24 நாளில் வந்தது, அடுத்தது 40 நாள் கழித்து. நான் போய்ப் பார்த்த மருத்துவர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு எஸ்சிடாலோப்ராம் எழுதினார். வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் அது மனச்சோர்வுக்கான மாத்திரை என்று தெரிந்தது. மறுபடி போய், "எனக்கு மனச்சோர்வு ஒன்றும் இல்லையே டாக்டர்" என்றேன். "பதற்றத்துக்கும் இதுதாம்மா. தூக்கமும் சரியாகும், சாப்பிடுங்க" என்றார்.

அவர் சொன்னது தப்பில்லை. இது ஒன்றுதான் வழி என்பது போலச் சொன்னதுதான் தப்பு. மருந்துச் சீட்டை இரண்டு வாரம் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தேன். யோசித்ததில் புரிந்தது, நான் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது. "இந்த மாத்திரை நல்லதா, கெட்டதா?" என்று கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. "மூன்று மணிக்கு என்னை எழுப்புவது எது?" என்று கேட்டால்தான் எதைத் தேர்வது என்று தெரியும்.

மாதவிடாய் கடைசியாக வந்து 12 மாதம் முழுதாகக் கடந்தால்தான் மெனோபாஸ். அதற்கு முன்னால் சுழற்சி தடுமாறும் நாலைந்து வருடங்கள் பெரிமெனோபாஸ். சிலருக்கு இன்னும் நீளும். இந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் படிப்படியாக இறங்குவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது ஏறி இறங்கிக் கூத்தடிக்கிறது. சில மாதம் இளவயதில் இருந்ததைவிடக்கூட அதிகமாகப் போகும். முட்டை வெளிவராத சுழற்சிகள் கூடக் கூட, இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் முதலில் குறைகிறது. புரோஜெஸ்டிரோன் உடைந்து உண்டாகும் ஒரு பொருள்தான் மூளையில் காபா என்னும் அமைதிப்படுத்தும் அமைப்புக்குத் துணை நிற்பது. அந்தத் துணை ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. ஈஸ்ட்ரோஜன் ஆடும்போது, மனநிலையோடு தொடர்புள்ள மூளை ரசாயனமான செரட்டோனினும் சேர்ந்து ஆடுகிறது. போதாததற்கு உடல் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸ் சின்ன மாற்றத்துக்கெல்லாம் பதறிப்போய், வியர்வையைத் திறந்துவிடுகிறது. ஆக, ஒரே விழிப்புக்குப் பின்னால் மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம்: உடல் சூடாகி எழுவது, மனம் பதறி எழுவது, எழுந்து எழுந்தே பழகிவிட்ட உடம்பு வழக்கம்போல எழுவது.

எது என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். 14 நாள் காலையில் எழுந்ததும் எழுதினேன். படுத்த நேரம், விழித்த நேரம், விழித்தபோது கழுத்தும் மார்பும் ஈரமாக இருந்ததா, யோசனை உடனே வந்ததா, கொஞ்சம் கழித்து வந்ததா, மாதவிடாயின் எத்தனையாவது நாள். 14 இரவில் ஒன்பது இரவு ஈரம்தான் முதலில். யோசனை அதற்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கே ஆச்சரியம், நான் கவலைப்பட்டு எழுவதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மருந்துகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இன்னொன்று. நாற்பதைத் தாண்டிய பெண்ணின் படபடப்பெல்லாம் ஹார்மோன் கணக்கில் எழுதப்பட வேண்டியதில்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் இதே நெஞ்சடிப்பு, இதே வியர்வை, இதே தூக்கமின்மை. மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகமாகி இரும்புச்சத்து குறைந்தாலும் படபடக்கும். ராத்திரி கால்களை ஆட்டாமல் இருக்க முடியாத தொல்லையும் வரும். குறட்டையும் பகலில் தூங்கி வழிவதும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயா என்று பார்க்க வேண்டும். மெனோபாஸ் நெருங்கும்போது அது பெண்களிடம் அதிகமாகிறது. ஆக, ரத்தப் பரிசோதனை மூன்று: தைராய்டுக்கு டி.எஸ்.எச்., ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்புக்கு ஃபெரிட்டின். மெனோபாஸ் நெருங்குகிறதா என்று அறிய எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோன் அளவைப் பார்க்கச் சொன்னால், 45 வயதைத் தாண்டியவருக்கு அது பெரிதாக ஒன்றும் சொல்லாது. இன்று ஒரு எண், அடுத்த வாரம் வேறு எண்.

சரி, மாத்திரைக்கு வருவோம்.

மனச்சோர்வு மாத்திரை என்பது ஒரே மாத்திரை இல்லை. இந்த வயதுத் தொல்லைக்கு எழுதப்படுபவை இரண்டு வகை. காலையிலோ இரவிலோ தினமும் ஒன்று சாப்பிடும் எஸ்சிடாலோப்ராம், செர்ட்ராலின், பராக்சிடின், வென்லாஃபாக்சின் போன்றவை ஒரு பக்கம். படுக்கப் போகும்போது சாப்பிட்டால் தூக்கம் வரவைக்கும் மிர்டாசபின், ட்ராசடோன், குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், டாக்செபின் ஆகியவை இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

முதல் வகைக்கு இருக்கும் பெரிய பலம், அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வது. பதற்ற நோய்க்கு அது முறையான சிகிச்சை. திடீரென்று உடம்பு தகிக்கும் தொல்லையையும் குறைக்கிறது. பராக்சிடினை 7.5 மி.கி. என்னும் சின்ன அளவில் இந்தத் தகிப்புக்காகவே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் அனுமதித்தது. 2014-இல் வந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இரண்டு தரப்பையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தது. 339 பெண்கள், சிலருக்குக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, சிலருக்கு வென்லாஃபாக்சின் 75 மி.கி., மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. எட்டு வாரத்தில் தகிப்பின் எண்ணிக்கை ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்கு 53 சதவீதம் அளவு குறைந்தது, வென்லாஃபாக்சினில் 48, வெறும் மாத்திரையில் 29. ஈஸ்ட்ரோஜனுக்குக் கிட்டத்தட்டப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. வெறும் மாத்திரையே கால்பங்குக்கு மேல் குறைத்திருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். "என் சொந்தக்காரருக்கு இது கேட்டது" என்று யார் எதைச் சொன்னாலும் அந்த 29 எனக்கு நினைவுக்கு வரும்.

தகிப்பு குறைவது ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரியும். பதற்றம் குறைய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பொறுப்பதுதான் கஷ்டம். ஏனென்றால் முதல் பத்துப் பதினைந்து நாளில் குமட்டல், தலைவலி, சிலருக்குப் படபடப்பும் தூக்கமின்மையும் முன்னைவிட அதிகம்! தூக்கத்துக்காக வாங்கிய மாத்திரை தூக்கத்தைக் கெடுத்தால் யார் தொடர்ந்து சாப்பிடுவார்கள்? நான்காம் நாளே நிறுத்திவிட்டு "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்பவர்களில் பலர் இந்த இடத்தில் விழுந்தவர்கள்தான். பாதி அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினால், தூக்கம் கெடுகிறது என்றால் காலையில் சாப்பிட்டால், இந்தப் பாலத்தைக் கடந்துவிடலாம். இதை முன்கூட்டியே சொல்ல மருத்துவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இன்னொரு வேடிக்கை, இவை சிலருக்கு வியர்வையை உண்டாக்கும். அதாவது ராத்திரி வியர்வைக்காகச் சாப்பிடும் மாத்திரையே ராத்திரி வியர்வையைத் தரலாம். நோட்டுப் புத்தகம் இருந்தால் கூடியதா குறைந்ததா என்று தெரியும், இல்லாவிட்டால் நோய் முற்றிவிட்டதாக நினைத்து அளவை ஏற்றிக்கொண்டே போவோம்.

உடலுறவில் நாட்டம் குறைவது, உச்சம் எட்டுவது தாமதமாவது அல்லது எட்டாமலே போவது, இவையெல்லாம் அபூர்வம் இல்லை, நிறையப் பேருக்கு நடப்பது. இந்த வயதில் ஏற்கெனவே வறட்சியும் வலியும் எட்டிப்பார்க்கும். அதோடு இதுவும் சேர்ந்தால், குறை நம்மிடமா, துணையிடமா என்று தேவையில்லாத சண்டை வரும். கேட்க வெட்கப்பட்டாலும் கேட்டுவிட வேண்டிய கேள்வி இது. அப்புறம், மாதவிடாய் வலிக்கு ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை போடும் பழக்கம் உண்டென்றால் சொல்லிவிடுங்கள், சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். வென்லாஃபாக்சின் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். வாழ்க்கையில் எப்போதாவது, சில நாள் தூக்கமே தேவைப்படாமல், தலைகால் புரியாத உற்சாகத்தில், கைக்கு மீறிச் செலவு செய்துகொண்டு திரிந்தது உண்டென்றால் அதையும் சொல்ல வேண்டும். இருதுருவ மனநோய் உள்ளவருக்கு இந்த மாத்திரை மட்டும் தனியாகக் கொடுத்தால் விஷயம் தலைகீழாகிவிடும்.

நிறுத்துவது தனிக் கதை. என் தோழி ஒருத்தி வென்லாஃபாக்சின் சாப்பிடுகிறாள். ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மாத்திரையை வீட்டில் மறந்துவிட்டாள். இரண்டாம் நாள் மாலை போன் வந்தது: "ஏய், தலைக்குள்ள யாரோ சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி இருக்குடி. கண்ணைத் திருப்பினா சுரீர்ங்குது." அடிமைத்தனம் என்று பயந்துவிட்டாள். அது போதைப் பழக்கம் இல்லை. பழகிய மருந்து திடீரென்று நின்றதற்கு நரம்பு காட்டும் எதிர்ப்பு. வென்லாஃபாக்சினிலும் பராக்சிடினிலும் இது அதிகம், உடம்பில் நெடுநாள் தங்கும் ஃபுளூவாக்சிடினில் குறைவு. எதுவானாலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், அந்தத் தோழிக்கு வென்லாஃபாக்சின்தான் சரி என்பேன். மார்பகப் புற்றுநோய் வந்து, அது திரும்பாமலிருக்க டாமாக்சிஃபென் என்னும் மாத்திரை சாப்பிடுபவள் அவள். ஹார்மோன் பக்கம் போகவே முடியாது. பராக்சிடினும் ஃபுளூவாக்சிடினும் டாமாக்சிஃபென் தன் வேலையைச் செய்வதற்குத் தேவையான கல்லீரல் நொதியை அடைத்துவிடும், அதனால் அவையும் ஆகாது. அவளுக்கு ஒரு நாளைக்குப் பத்துமுறை உடம்பு கொதித்தது இப்போது மூன்று நாலாகிவிட்டது.

தூக்கம் வரவைக்கும் இரண்டாம் வகையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மிர்டாசபின் நன்றாகத் தூங்கவைக்கும், பதற்றத்துக்கும் உதவும், பசியையும் எடையையும் ஏற்றும். இளைத்துப்போய்ச் சாப்பாடு இறங்காமல் இருப்பவருக்கு அது வரம், மற்றவருக்கு வம்பு. ட்ராசடோன் உலகமெங்கும் தூக்கத்துக்கு எழுதப்படுகிறது. ஆனால் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017-இல் தூக்கமின்மைக்கு அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றுதான் சொன்னது. 3 அல்லது 6 மி.கி. டாக்செபின் மட்டும், நடுராத்திரியில் எழுந்துவிடும் தொல்லைக்கென்றே முறையாகச் சோதிக்கப்பட்டது. அமிட்ரிப்டிலின் எடுத்தால் வாய் உலரும், மலம் கட்டும், காலையில் தலை பஞ்சு மாதிரி இருக்கும்.

இப்போது ஹார்மோன். என் நோட்டில் ஈரம் முதலில் வந்தது என்பதால் நான் போன பக்கம் இது. தகிப்பையும் ராத்திரி வியர்வையையும் அடக்குவதில் ஈஸ்ட்ரோஜனை மிஞ்ச இன்னும் எதுவும் இல்லை. கருப்பை இருப்பவர்கள் அதோடு புரோஜெஸ்டிரோனும் கட்டாயம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். இயற்கைப் புரோஜெஸ்டிரோன் மாத்திரையைப் படுக்கும்போது எடுத்தால் கொஞ்சம் தூக்கக் கலக்கம் தரும். மற்ற மருந்தில் பக்கவிளைவு என்று திட்டுவதை இங்கே வரவேற்கிறோம்.

ஹார்மோன் என்றதும் புற்றுநோய் என்று பயப்படுவதற்குக் காரணம் 2002-இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்வு. கூட்டு ஹார்மோன் எடுத்தவர்களில் வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் எட்டுப் பேருக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. அந்தச் செய்தி உண்மைதான். அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதும், கொடுத்தது குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் செயற்கைப் புரோஜெஸ்டினும் என்பதும் தலைப்புச் செய்தியில் வரவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு நன்மையே மிஞ்சும் என்பதுதான் இன்றைய நிலைப்பாடு. தோலில் ஒட்டும் பட்டையாகவோ ஜெல்லாகவோ எடுத்தால், மாத்திரையில் இருக்கும் ரத்தக்கட்டு ஆபத்து அதில் தெரியவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர், ரத்தக்கட்டோ பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர், கல்லீரல் நோய் உள்ளவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர் இந்தக் கதவைத் தட்டக்கூடாது. இன்னொன்று, இது கருத்தடை இல்லை. பெரிமெனோபாஸில் கர்ப்பம் தரிக்கலாம். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் புரோஜெஸ்டின் உள்ள கருப்பைச் சாதனம் வைத்துக்கொண்டால் புரோஜெஸ்டின் பங்கும் கருத்தடையும் அதிலேயே முடிந்துவிடும், அதிக ரத்தப்போக்கும் அடங்கும்.

பதற்றத்துக்கு ஹார்மோன் எவ்வளவு உதவும்? இங்கே நான் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன். மனச்சோர்வு அறிகுறிகள் வராமல் தடுப்பதில் நல்ல ஆய்வு ஒன்று 2018-இல் வந்தது: 172 பெண்கள், ஒரு வருடம், வெறும் பட்டை ஒட்டியவர்களில் 32 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் தலைகாட்டின, ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களில் 17 சதவீதம். பதற்றத்துக்கு இவ்வளவு தெளிவான சான்று கிடையாது. வியர்வை அடங்கி, தூக்கம் திரும்பி, அதனால் பதற்றம் தணிகிறது என்றால் சந்தோஷம். இருபது வயதிலிருந்தே பதற்றத்தோடு வாழ்கிறவருக்கு, வயிறு கலங்கி வெளியே போகவே பயப்படுகிறவருக்கு, ஹார்மோன் பட்டை மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு எஸ்சிடாலோப்ராம்தான் முதலில். எதிர்ப்பக்கமும் உண்டு: பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகள் எழுதும் நைஸ் என்னும் அமைப்பு, மனச்சோர்வு நோய் என்று கண்டறியப்படாத பெரிமெனோபாஸ் பெண்ணின் மனத்தொய்வை இந்த மாத்திரைகள் போக்கும் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்று 2015-லேயே எழுதிவைத்தது.

மூன்றாவது வழிக்கு அழகான பெயர் கிடையாது. தூக்கமின்மைக்கான அறிதல் நடத்தைப் பயிற்சி என்பார்கள், கேட்டாலே கொட்டாவி வரும். ஆனால் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2016-இல் சொல்லிவிட்டது. அதே வருடம் 106 பெண்களிடம், தகிப்பும் தூக்கமின்மையும் சேர்ந்தே உள்ளவர்களிடம், இதைத் தொலைபேசியிலேயே நடத்திப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில் ஆறு அழைப்பு, அவ்வளவுதான். 28 புள்ளி கொண்ட தூக்கமின்மை அளவுகோலில் பயிற்சி எடுத்தவர்களுக்குப் பத்துப் புள்ளி அளவு இறங்கியது, வெறும் ஆலோசனை கேட்டவர்களுக்கு ஐந்துக்குக் கீழ். தகிப்பின் எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் அது வந்தால் நாள் பாழாவது குறைந்தது.

பட்டை ஒட்டி ஆறு வாரத்தில் என் வியர்வை ஏறக்குறைய போய்விட்டது. மூன்று மணி விழிப்பு மட்டும் போகவில்லை! உடம்புக்கு அது பழகிப்போயிருந்தது. அதனால் இந்தப் பயிற்சி. எட்டரை மணி நேரம் படுக்கையில் கிடந்து ஆறு மணி நேரம்தான் தூங்குகிறேன் என்று நோட்டு சொன்னது. ஆகவே ஆறு மணி நேரம் மட்டுமே படுக்கை: 12 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும். விழித்தால் எழுந்துபோய் மங்கலான வெளிச்சத்தில் துணி மடிக்க வேண்டும். தூக்கம் சொக்கினால்தான் திரும்ப வரலாம். முதல் பத்து நாள் நரகம். பதினோரு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை தொங்கும். பகலில் வண்டி ஓட்டுவதை நிறுத்திவைத்தேன். வலிப்போ இருதுருவ நோயோ உள்ளவர்கள் இதைத் தனியாகச் செய்யவே கூடாது. மூன்றாம் வாரம் ஒரு நாள் கண் திறந்தபோது மணி 5.40. அப்புறம் வாரத்துக்குக் கால்மணி கால்மணியாகப் படுக்கை நேரத்தை நீட்டினேன்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வலிப்புக்கும் நரம்புவலிக்கும் தரும் கேபாபென்டினைப் படுக்கும்போது எடுத்தால் ராத்திரி வியர்வைக்கு உதவும், காலையில் தள்ளாடவைக்கும். 2023-இல் வந்த ஃபெசோலினெடன்ட் ஹார்மோன் இல்லாமலேயே தகிப்பைக் குறைக்கிறது, கல்லீரல் பரிசோதனை தொடர்ந்து வேண்டும், பதற்றத்துக்கான மருந்து அது இல்லை. அல்பிரசோலாம், குளோனசெபாம் போன்ற பதற்ற மாத்திரைகள் முதல் ராத்திரியே அற்புதமாக வேலை செய்யும். அதுதான் அவற்றின் ஆபத்தும், சீக்கிரமே பழக்கமாகிவிடும். சோயா, பிளாக் கோஹோஷ் மூலிகை மாத்திரைகளைத் தகிப்புக்குப் பரிந்துரைக்க முடியாது என்று வட அமெரிக்காவின் மெனோபாஸ் சங்கம் 2023-இல் சொன்னது. எனக்கு அதில் வருத்தமில்லை, நான் ஏற்கெனவே இரண்டு டப்பா காலி செய்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆக, ஈரம் முதலில் வருகிறவர், தடை ஏதும் இல்லாதவர் ஹார்மோனில் தொடங்கட்டும். பகலிலும் பதற்றம் விடாமல் துரத்துகிறது, முன்பும் மனச்சோர்வோ பதற்ற நோயோ வந்திருக்கிறது, அல்லது ஹார்மோனே கூடாது என்றால் மனச்சோர்வு மாத்திரை. வியர்வையும் இல்லை, பகலில் பயமும் இல்லை, தூக்கம் மட்டும் இல்லை என்றால் பயிற்சி. சிலருக்கு இரண்டு சேர்த்தும் வேண்டியிருக்கும், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும்.

எதைத் தொடங்கினாலும் தொடங்கும் அன்றே எட்டாவது வாரத்துக்கு ஒரு தேதி குறித்துக்கொண்டு வாருங்கள். மனச்சோர்வு மாத்திரை என்றால், குணமான பிறகு எத்தனை மாதம் தொடர்வது என்பதையும் அதே நாளில் கேளுங்கள். வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சொல்வார்கள். என் கைப்பையில் அந்தப் பழைய சீட்டு இன்னும் இருக்கிறது. ஹார்மோனை நிறுத்த வேண்டிய நிலை வந்தால் அதே எஸ்சிடாலோப்ராமைத்தான் கேட்பேன், இந்த முறை பாதி அளவில் தொடங்கி.